பூட்டிய அறையும் பாடும் நாவும்
(திருவிழாச் சொற்பொழிவு)



துன்பம் சூழ்ந்த வேளையில் மனித மனம் தேடுவன இரண்டு. ஒன்று, பற்றிக்கொள்ளத் திருவடி. மற்றொன்று, வாய்விட்டுச் சொல்ல நல்ல சொல். இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கும் நூல் தேவாரம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவர் அருளிய பாடல்கள் முதல் ஏழு திருமுறைகளாக விளங்குகின்றன.

இப்பாடல்கள் ஆறுதல் தருவதற்குக் காரணம் யாது? பாடியவர்கள் துன்பத்தை அறிந்தவர்கள். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனை விரித்துரைக்கின்றார். சூலை நோயால் துடித்த அப்பருக்குத் தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கு, வலியின் நடுவிலேயே, அவருடைய முதற்பதிகம் பிறந்தது. கண்ணொளி இழந்த சுந்தரர், இறைவனிடம் தோழமை உரிமையோடு வழக்காடிக்கொண்டே தலந்தோறும் நடந்தார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, சம்பந்தர் அவர்கள் பொருட்டுத் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். நோயுற்றவர் அழுது முறையிடலாம். மனம் நொந்தவர் உரிமையோடு கேட்கலாம். நலமாக இருப்பவர் பிறர்க்காக வேண்டலாம். மூவர் காட்டிய வழி இதுவே.

இத்தகைய பாடல்கள் ஒருகால் மறைந்துபோயின. இராசராச சோழன் (ஆட்சி 985–1014) அவற்றைத் தேடினான். நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டுதலால், அவை தில்லைக் கோயில் அறையொன்றில் பூட்டிக் கிடப்பது தெரியவந்தது என்பது திருமுறை கண்ட வரலாறு. கதவைத் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. கறையான் தின்றன போக எஞ்சியவையே இன்று ஓதப்பெறும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.

பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதனை வகுத்துக் கொடுத்தவர், சம்பந்தருடன் யாழிசைத்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்மணி. போற்றிப் பூட்டிவைத்த ஏடு அழிந்தது. ஒரு குடும்பத்தார் வாழையடி வாழையாகப் பேணிய இசை நிலைத்தது. சிந்திக்கத்தக்க செய்தி இது.

மலேசியத் திருநாட்டில் பிள்ளைகள் தேவாரம் பயில்கின்றனர். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவில் தெளிவாகப் பாடிப் பரிசும் பெறுகின்றனர். பரிசுக் கோப்பை வரவேற்பறைக்குச் செல்கின்றது. திருமுறை நூலோ பூசை அறை அலமாரிக்குள் சென்று விடுகின்றது. பிள்ளையைத் தேவார வகுப்பிற்கு அழைத்து வரும் பெற்றோர் பலர், வகுப்பு முடியும்வரை வாசலிலேயே காத்திருக்கின்றனர். பிள்ளைக்குத் தெரிந்த பதிகம் பெற்றோர்க்குத் தெரியவில்லை. வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும் இரவில், அருகில் அமர்ந்து பாட எவருக்கும் நா எழுவதில்லை. அந்நேரத்தில் நூலைத் தேடினால் எழுத்துத்தான் கிடைக்கும். ஆறுதல் முன்னரே நெஞ்சில் பதிந்திருக்க வேண்டும்.

ஆகவே, அன்பர்களே! மாலை விளக்கேற்றியதும் இல்லத்தார் அனைவரும் கூடி ஒரு பதிகமேனும் பாடுங்கள். பொருள் முழுதும் விளங்காவிடினும் தயங்க வேண்டா. பிள்ளையே ஆசிரியராக இருக்கட்டும், பெற்றோர் மாணாக்கராக அமரட்டும். இன்று விளையாட்டாகக் கற்கும் ஒரு பாடல், என்றோ ஒரு நாள் இருளில் கைப்பிடித்து நடத்தும் துணையாகும். பூட்டிய கதவைத் திறக்க அன்று ஓர் அரசன் வரவேண்டியிருந்தது. இன்று அலமாரிக் கதவின் சாவி அவரவர் கையிலேயே உள்ளது.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் யாவர்க்கும் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.