சீஷன் என்றும் மாணவனே



சீஷன் என்றால் மாணவன். இந்த ஜேர்மனியில், புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 யூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். போதிக்க வந்தவர், முதலில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார். 1719இல், 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மீதியைப் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

நான் ஒரு தாதி. இங்கே தாதிப் படிப்பு மூன்று வருடம். சோதனையில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். ஆனாலும் புதிய மருந்து, புதிய முறை என்று இன்றைக்கும் படிக்கிறேன். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் அப்படித்தான். அங்கே படிப்பு முடிவதில்லை, தொடங்குகிறது.

பெற்றோரே, பிள்ளைகள் டொச்சில் விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதட்டி அடக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து வாசிப்போம்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளே, அம்மம்மாவிடம் தமிழில் ஒரு வசனம் கேட்டுப் படியுங்கள்; அதையே அவருக்கு டொச்சில் வாசித்துக் காட்டுங்கள். நாம் முடிக்காததை நீங்கள்தான் தொடர வேண்டும்.

கர்த்தர்தாமே நம் சபையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.