ஓடறதுக்கு முன்னாடி நிக்கணும்: பத்து வருஷம் ஷெட்டில் கிடந்த 407

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் நம்ம குழுவுல ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஊர்ல தாத்தாவோட பழைய வண்டி ஒண்ணு நிக்குது. ஒரு பேட்டரி வாங்கிப் போட்டா ஸ்டார்ட் ஆயிடுமா?" அதுக்கான பதில்தான் இன்னைக்கு எபிசோடு. சுருக்கமான பதில்: ஆகலாம், ஆனா தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. நீளமான பதிலுக்கு எங்க வீட்டு லாரியைப் பத்திச் சொல்லணும்.

வண்டி எது?

டாடா 407, 1994 மாடல். சென்னையில தண்ணி கேன், வீடு மாத்துற சாமான், குப்பைன்னு எல்லாத்தையும் சுமந்துட்டுப் போகுமே, அந்தக் குட்டி லாரிதான். 407 வந்தது 1986ல. அப்போ சின்ன லாரின்னாலே டொயோட்டா, மிட்சுபிஷி, மாஸ்டா, நிசான்னு ஜப்பான் கம்பெனிகளோட கூட்டு சேர்ந்த வண்டிகள்தான் பேச்சு. அந்தப் போட்டியில நின்னு ஜெயிச்ச உள்ளூர் வண்டி இது.

இஞ்சினோட பேர் 497. நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணோட விட்டமும் 97 மில்லிமீட்டர், அதனால 497. கிட்டத்தட்ட மூணு லிட்டர் டீசல் இஞ்சின். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. ஒரு பழைய வண்டியைக் குடும்பமா உட்கார்ந்து சரி பண்ணணும்னா இது பெரிய வசதி. எது எதை இழுக்குது, எது எதைத் தள்ளுதுன்னு கண்ணாலயே பார்க்கலாம்.

அப்பா இதுல ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து இருபத்தோரு வருஷம் காய்கறி ஏத்திட்டுப் போனார். சர்க்கரை கண்ணைப் பாதிச்சதும் 2015ல நிறுத்தினார். வண்டி ஷெட்டுக்குள்ள போச்சு. அப்பா டிவி முன்னாடி போனார்.

ஏன் இப்போ?

போன வருஷம் சொத்துப் பிரிச்சப்போ ஷெட் இருந்த இடம் சித்தப்பா பங்குக்குப் போச்சு. அவர் நல்லவிதமாத்தான் கேட்டார், "அண்ணா, பங்குனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துட்டா நான் கடக்கால் போட்டுக்குவேன்"னு. எங்க வீடு இருக்கிறது சந்துக்குள்ள, அங்க நிறுத்த இடம் கிடையாது. வாடகைக்கு ஒரு இடம் கிடைச்சாலும் வண்டி அங்க ஓடியாகணும். இல்லேன்னா பழைய இரும்புக் கடைதான். கடைக்காரர் வந்து பார்த்துட்டு எடைக்கு ஒரு விலையும் சொல்லிட்டார். அப்பா "சரி, எடுத்துக்கட்டும்"னார். ஆனா ஆர்சி புக்கை மட்டும் "எங்கேயோ வெச்சுட்டேன்"னார். வீட்ல ஒரு காகிதத்தையும் தொலைக்காத மனுஷன் அவர்! அண்ணனும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்பவே முடிவாயிடுச்சு.

தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆரம்பிச்சோம். சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை. ஆளுங்க: அப்பா, அண்ணன், பதினொரு வயசு அண்ணன் பையன், நான், அப்புறம் அப்பாவோட பழைய மெக்கானிக் பாய்.

முதல்ல பிரேக்

அண்ணன் முதல் நாளே பெயின்ட் கலர் பார்க்க ஆரம்பிச்சுட்டான். பின்னாடி படுக்கை போட்டு கேம்பர் வேன் ஆக்கலாமான்னு எனக்கும் ஒரு ஆசை. அப்பா ஒரே வரியில முடிச்சார்: "கண்ணு, ஓடறதுக்கு முன்னாடி அது நிக்கணும்."

அதனால முதல்ல சக்கரம் கழட்டினோம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். பத்து வருஷத்துல அந்த ஈரம் சிலிண்டருக்குள்ள துருவாயிடும், ரப்பர் எல்லாம் இறுகிப்போகும். மிதிச்சா பெடல் கீழ போகும், ஆனா சக்கரம் பிடிக்காது. இல்லேன்னா பிடிச்ச சக்கரம் விடாது. ஆறு டயரையும் அண்ணன் பையன்கிட்ட விட்டோம். டயர் ஓரத்துல கடைசியா நாலு இலக்கம் இருக்கும். 2311னு இருந்தா 2011ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பையன் டார்ச் அடிச்சுப் படிச்சுட்டு வந்து, "அத்தை, எல்லா டயரும் என்னைவிடப் பெருசு!"ன்னான். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் வெடிச்சிருந்தது. ஆறும் புதுசு.

சீட்டுக்குப் பின்னாடி ஒரு சாரைப்பாம்புச் சட்டை இருந்தது. எலி வயரைக் கடிச்சிருந்தது. பாம்பு இல்லேன்னா மிச்ச வயரும் போயிருக்கும்னு பாய் சொன்னார்.

அப்புறம்தான் இஞ்சின்

நம்ம நண்பர் கேட்ட கேள்விக்கு இங்கதான் பதில். புது பேட்டரி போட்டு நேரா சாவியைத் திருப்பினா என்ன ஆகும்? டேங்க்ல இருக்கிற பழைய டீசல், அடியில தேங்கின தண்ணி, அதுல வளர்ந்த பாசி மாதிரி வழவழப்பு, எல்லாம் பம்புக்குப் போகும். சிலிண்டர்ல பிஸ்டன் ரிங் லேசா துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா, ஸ்டார்ட்டர் மோட்டார் அதை முரட்டுத்தனமா இழுத்து உடைக்கும்.

நாங்க பண்ணின வரிசை இது. டேங்கை இறக்கிக் கழுவினோம். நாலு நாசிலையும் கழட்டி, பம்ப் வேலை பார்க்கிற கடைக்குக் குடுத்தோம். அந்த ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் ஊத்தி ரெண்டு நாள் விட்டோம். அப்புறம் முன்பக்கப் புல்லி நட்ல பெரிய ஸ்பானர் போட்டு கையாலயே சுத்தினோம். முதல்ல நகரல. அப்பா ஸ்பானரை வாங்கி, அழுத்தாம முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருந்தார். கால் மணி நேரம் கழிச்சு ஒரு விரல் அளவு நகர்ந்தது. அப்புறம் முழுச் சுத்து. "ஒண்ணும் தட்டல, உள்ள நல்லா இருக்கு"ன்னார். அவர் கண்ணுக்கு ஸ்பானர் நம்பரே தெரியாது. ஆனா கைக்குத் தெரிஞ்சது.

அடுத்தது கேள்விப்படாதவங்க கவனமாக் கேளுங்க. பழைய டீசல் இஞ்சினைச் சாவியால நிறுத்த முடியாது. ஒரு கேபிளை இழுத்தா பம்புக்குள்ள இருக்கிற ராக் நகர்ந்து டீசல் அடைபடும், அப்பதான் நிக்கும். ரொம்ப நாள் நின்ன வண்டியில அந்த ராக் திறந்த நிலையிலேயே இறுகியிருக்கலாம். அப்படி ஸ்டார்ட் பண்ணினா இஞ்சின் தறிகெட்டு ஏறும், சாவியை எடுத்தாலும் நிக்காது, வெடிக்கிற வரைக்கும் போகும். அதனால ராக் தாராளமா நகருதான்னு முன்னாடியே பாய் பார்த்தார். அது போதாதுன்னு ஏர் கிளீனர் குழாயைக் கழட்டிட்டு, காத்து போற வாய்க்குப் பக்கத்துல அப்பா ஒரு பிளைவுட் துண்டோட நின்னார். ஏதாவது ஆச்சுன்னா பலகையை வெச்சு மூடிடணும், மூச்சடைச்சு நின்னுடும். துணி கூடாது, உள்ள இழுத்துக்கும்.

ஆயில், ஃபில்டர் புதுசு. கை பம்ப் அடிச்சு லைன்ல இருந்த காத்தை எடுத்தோம். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா ஸ்டார்ட்டர் அடிச்சு, ஆயில் மேல ஏற விட்டோம். கேபிளை விட்டதும் நாலாவது தடவையில பிடிச்சது. வெள்ளைப் புகை ஷெட் முழுக்க. அப்பா பலகையை விடவே இல்ல. அஞ்சு நிமிஷம் சத்தம் கேட்டுட்டு, "மூணாவது நாசில் சரியில்ல"ன்னார். கழட்டிப் பார்த்தோம். மூணாவதுதான்.

காகிதம்

பாதி வேலை இங்கதான். குடும்ப வண்டின்னு நாம சொல்லிக்கலாம், காகிதத்துல அது சரக்கு வண்டி. எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்கணும். பதினஞ்சு வருஷம் தாண்டினா, 2022ல இருந்து கட்டணமும் அதிகம். டெல்லியில 10 வருஷ டீசல் வண்டிக்கு வயசை மட்டும் வெச்சே தடை போட்டாங்க. இங்க அப்படி இல்ல, ஆனா எஃப்சியில பாஸ் ஆகணும். வரி பாக்கி கட்டி, இன்சூரன்ஸ் போட்டு, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டு போனோம். ஹேண்ட்பிரேக் பத்தலைன்னு முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பாவுக்கு அதுல கோபமே இல்ல. "சரியாத்தான் சொல்றாங்க"ன்னார். ரெண்டாவது தடவை கிடைச்சது.

என் கேம்பர் ஆசைக்கும் இங்கதான் முற்றுப்புள்ளி. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. பின்னாடி ஆள் ஏத்தவும் கூடாது.

ஆனா ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸ் வெச்சே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி பண்ணிடுச்சு. 407 அதுக்குள்ள வருது. அதாவது, நான் ஓட்டலாம்.

பங்குனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஷெட்ல இருந்து வெளிய எடுத்தோம். ஸ்டியரிங்ல நான். அப்பா வாழ்க்கையில முதல் தடவையா கிளீனர் சீட்ல. "அரைக் கிளட்ச்ல நிக்காதே", "இந்த மேட்டுக்கு செகண்ட்"னு வழி முழுக்கச் சொல்லிட்டே வந்தார். பத்து வருஷத்துல எங்கிட்ட அவர் அவ்வளவு பேசினதே இல்ல.

கணக்கு

செலவு ரெண்டு லட்சத்தை நெருங்கிடுச்சு. பணமா பார்த்தா நஷ்டம்தான், அதை மறைக்கல. உங்க வண்டியில சேஸிஸ் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா, இல்ல காகிதமே இல்லேன்னா, ஆசைப்படாம விட்டுடுங்க.

ஆனா வண்டி நல்லா இருந்து, அதை ஓட்டினவங்களும் வீட்ல இருந்தா, தள்ளிப்போடாதீங்க. இரும்பு இன்னும் பத்து வருஷம் கூடக் காத்திருக்கும். மூணாவது நாசில்னு காதால கண்டுபிடிக்கிறவர் காத்திருப்பாரான்னு யோசிங்க. இப்போ ஞாயித்துக்கிழமைகள்ல அப்பா அண்ணன் பையனுக்கு கியர் சொல்லித் தர்றார், இஞ்சினை ஆஃப் பண்ணி வெச்சுட்டு. நான் ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கறேன்.

உங்க வீட்டு வண்டிக் கதையை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.