விடுதிப் பிள்ளையின் வயிற்றுவலி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஞாயிறு இரவுகளில் வயிற்றுவலி என்று விடுதிப் பிள்ளைகளை என்னிடம் கூட்டி வருவார்கள். இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்ப்போம், ஒன்றும் இராது. ஆனால் வலி பொய்யில்லை. பயமும் வீட்டு நினைவும் குடலை முறுக்கும்.

ஏழாம் வகுப்பில், விடுதியில், எனக்கும் வந்தது. நடிப்பு என்றார்கள். பக்கத்துக் கட்டில் ராத்தாதான் சுடுதண்ணீர்ப் போத்தலைத் தந்து, "அழுறண்டா அழு புள்ள, நான் இரிக்கன்" என்றார். அன்றுதான் தூங்கினேன்.

2004 சுனாமிக்குப் பின் மருதமுனை, சாய்ந்தமருதுப் பிள்ளைகள் கடல் இரைச்சலுக்கே நடுங்கினார்கள். அதை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லையே!

விடுதிப் பொறுப்பாளர்களுக்கு ஒன்று: காய்ச்சல், வாந்தி, வலப்பக்க அடிவயிற்று வலி என்றால் அதே இரவில் கொண்டு வாருங்கள். குடல்வால் அழற்சி விடியும்வரை காத்திராது.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. எடுத்துப் பேச விடுதியில் பிள்ளைகளுக்கென்று ஒரு தொலைபேசி வேண்டும், கதவு சாத்தக்கூடிய அறையில். நூற்றாண்டு நுழைவாயிலுக்கு முன் நம் சங்கம் அதைச் செய்யட்டும். முதல் ஆண்டுக் கட்டணம் என்னுடையது.