தண்ணிக்கு வழி விட்டு ஒரு வீடு



திருவாரூர்ப் பக்கம் எங்கள் நஞ்சையில் ஒரு வீடும், விருந்தினர் தங்க மூன்று சிறு வீடுகளும் கட்டத் திட்டமிட்டேன். "மண்ணடிச்சு மேடாக்கிடலாம் சார்" என்றார் மேஸ்திரி. சுலபம்தான். ஆனால் மேல் வயல்களின் மழைத்தண்ணீர் எங்கள் வயல் வழியாகத்தான் வடிவாய்க்காலுக்கு இறங்குகிறது. நாம் மேடாக்கினால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தண்ணீர் தேங்கிச் சம்பாப் பயிர் அழுகும்.

மேல்வயல்காரர் ஒருவர் வந்தார். "தம்பி, கட்டுங்க, வேணாங்கலை. தண்ணிக்கு வழி விட்டுட்டுக் கட்டுங்க" என்றார். நாம் நாலு வருஷம் படித்த வடிகால் பாடம் மொத்தமும் அதில் அடக்கம்.

எனவே கட்டடங்களைத் திடலுக்கு மாற்றினோம். விருந்தினர் வீடு மூன்று இரண்டாயிற்று. எங்கள் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதற்கு ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த அண்டர்ரீம்டு பைல் போட்டோம். ஆழம் 3.5 மீட்டர்; அடியில் தண்டின் விட்டத்தைப்போல் 2.5 மடங்கு அகலத்தில் குமிழ். ஈரம் அதிகம் ஏறி இறங்காத ஆழத்தில் அது பிடித்துக்கொள்ளும். பீமுக்கு அடியில் இடைவெளி விட்டோம். மண் உப்பினாலும் பீமைத் தூக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிய்த்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். கூரைச் சட்டங்களைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினோம்.

ஒரு வீட்டு வாடகை நஷ்டம்தான். மேல்வயலில் அறுவடை தவறவில்லை.

தம்பிகளே, வயல்பக்கம் மனை பார்க்கப் போனால், அடைமழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் போகும் வழியை அதுவே காட்டும்.