முதலில் தாள், பிறகு பணம்

 

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீடு கட்டுவது அவ்வளவு கஷ்டம். ஆனால் பலர் வீடு கட்டும் வரை போவதே இல்லை. மனை வாங்கும்போதே ஏமாந்து போகிறார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். பேர் வேண்டாம். பெங்களூரின் ஓரங்களில் பல குடும்பங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறது.

கணவர் கொத்தனார். மனைவி சித்தாள். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரார் வீடுகளைக் கட்டினார்கள். தாங்கள் இருந்ததோ தகரக் கொட்டகை. பன்னிரண்டு வருடம் சீட்டுக் கட்டினார்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். அந்த அம்மா தன் தாலிச் சங்கிலியையும் விற்றார். மொத்தம் 4 லட்சம் ரூபாய் சேர்ந்தது.

ஒரு புரோக்கர் வந்தான். தமிழ் பேசினான்.

“அக்கா, இருபதுக்கு முப்பது சைட். நம்ம ஆளுங்க நிறையப் பேர் வாங்கிட்டாங்க. அடுத்த வாரம் விலை ஏறிடும்” என்றான்.

“பத்திரம் உண்டா தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எல்லாம் இருக்கு அக்கா. ஸ்டாம்பு பேப்பர்லயே எழுதித் தர்றேன்” என்றான்.

எழுதியும் தந்தான். தாள் கன்னடத்தில் இருந்தது. கணவர் கையெழுத்துப் போட்டார். மனைவி கைநாட்டு வைத்தார். பணம் முழுவதும் ரொக்கமாகப் போனது. ரசீது இல்லை.

ஸ்டாம்பு பேப்பரைப் பூஜை அறைப் படம் போலப் பத்திரப்படுத்தினார்கள். மனையில் ஒரு அறை எழுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு குடும்பம் வந்தது. “இது எங்கள் மனை” என்றது. அவர்கள் கையில் பதிவு செய்த கிரயப் பத்திரம் இருந்தது.

என்ன நடந்தது தெரியுமா? நிலத்தின் சொந்தக்காரர் இறந்து விட்டார். அவருடைய பிள்ளைகள் மனையை வேறு ஆளுக்கு விற்றுப் பதிவும் செய்து விட்டார்கள். இந்தக் கொத்தனார் வைத்திருந்தது கிரயப் பத்திரமே அல்ல. ‘பின்னால் விற்றுத் தருகிறேன்’ என்ற ஒப்பந்தமும், ஒரு பவர் பத்திரத்தின் நகலும்தான். இரண்டும் பதிவு ஆகாதவை. புரோக்கரின் போன் எடுக்கவில்லை. போலீசில் புகார் கொடுத்தார்கள். பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

கட்டிய அறையைத் தங்கள் கையாலேயே பிரித்தார்கள்.

இந்தக் கதையில் எங்கே தவறு? பாவம், அவர்கள் பேராசைப்படவில்லை. தாளைப் பார்த்தார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதுதான் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையோ வீட்டையோ விற்றால், பதிவு செய்த பத்திரத்தால்தான் விற்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தை உங்கள் பேருக்கு மாற்றாது. பவர் பத்திரமும் மாற்றாது. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொன்னது. பவர் கொடுத்தவர் இறந்தால், பொதுவாக அந்த பவரும் அதோடு முடிந்து விடும்.

சரி, பதிவு செய்து விட்டால் கவலை இல்லையா? அதுவும் இல்லை. விற்றவருக்கு உரிமை இருந்தால்தான் வாங்கியவருக்கு உரிமை வரும். இல்லாத மாட்டுக்கு யார் கயிறு மாற்றிக் கொடுக்க முடியும்?

வரி ரசீது இருந்தால் போதுமா? போதாது. பெங்களூரில் ‘கத்தா’ என்று சொல்வார்கள். அது வரி கட்டுவதற்கான கணக்கு. சொத்துரிமை தரும் பத்திரம் அல்ல.

பெங்களூரில் 2016 ஆகஸ்டு மாதம் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவை மழைநீர்க் கால்வாய் நிலத்தில் இருக்கின்றன என்று மாநகராட்சி சொன்னது. வீட்டுக்காரர்கள் பத்திரத்தையும் வரி ரசீதையும் எடுத்துக் காட்டினார்கள். அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் இயந்திரம் நிற்கவில்லை. ஏமாறுவதற்குப் படிப்பில்லாமை மட்டும் காரணம் அல்ல. அவசரமும் காரணம்.

அப்படியானால் என்ன பார்க்க வேண்டும்? விரல் விட்டு எண்ணிக் கொள்ளுங்கள்.

ஒன்று, தாய்ப் பத்திரம். நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது? சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நகலைக் காட்டினால் போதாது. அசலைக் கேளுங்கள். அசல் இல்லை என்றால், அது எங்காவது அடகில் இருக்கலாம்.

இரண்டு, வாரிசுகள். அப்பா சொத்து என்றால் பிள்ளைகள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகளும் உண்டா? எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா?

மூன்று, வில்லங்கச் சான்று. பெங்களூரில் ‘ஈ.சி.’ என்பார்கள். குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். முன்பே விற்றிருந்தாலும், அடமானம் வைத்திருந்தாலும் அது காட்டும். ஆனால் பதிவு ஆனவற்றை மட்டுமே காட்டும். ஆகவே அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

நான்கு, நிலத்தின் வகை. அது விவசாய நிலமா? வீட்டு மனையாக மாற்ற அரசின் ஆணை உண்டா? மனைப் பிரிவுக்கு அனுமதி உண்டா? ஏரி, கால்வாய், சாலை எதன் மேலாவது இருக்கிறதா? கிராம வரைபடத்தில் பாருங்கள்.

ஐந்து, பெரிய மனைப் பிரிவு, அடுக்கு மாடி வீடு என்றால் ‘ரெரா’ பதிவு எண். 2016ஆம் ஆண்டின் சட்டம் இது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவர் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரம் கூடச் செய்யக் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சொன்ன தேதிக்கு வீடு தராவிட்டால், பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. “பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவோம், செலவு மிச்சம்” என்பார்கள். 10 லட்சம் கொடுத்து விட்டு 3 லட்சம் என்று எழுதினால், நாளைக்கு எதைக் காட்டிக் கேட்பீர்கள்? கொடுக்கும் பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். வங்கிக் கணக்கே சாட்சி சொல்லும்.

“இந்த மனைக்கு பேங்க் லோன் கிடைக்காது” என்று சொன்னால் கவனம். வங்கியின் வக்கீல் வேண்டாம் என்ற நிலத்தை நீங்கள் ஏன் வாங்க வேண்டும்?

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நீதிமன்ற வளாகத்திலும் கேட்கலாம்.

இனி அந்தச் சித்தாள் அம்மாவின் கதைக்கு வருவோம்.

அந்த அம்மா பிறகு மாலை வகுப்புக்குப் போனார். தமிழ் எழுத்தும் எண்ணும் கற்றார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

“அக்கா, ஒரு சைட் பார்த்திருக்கோம். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறோம்.”

“தாளைக் கொண்டா” என்றார் அந்த அம்மா.

“அது கன்னடத்துல இருக்கு அக்கா. உங்களுக்குப் படிக்க வராதே?”

“எழுத்து வராது. எண் வரும்” என்றார்.

இரண்டு தாள்களையும் தரையில் விரித்தார். விரலை வைத்து எண்களைத் தேடினார். பத்திர நகலில் சர்வே எண் 48 என்று இருந்தது. மனைப் படத்தில் 84 என்று இருந்தது.

“இது ஏன் வேற வேறயா இருக்கு? கேட்டுட்டு வா. அது வரைக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதே” என்றார்.

புரோக்கரைக் கேட்டார்கள். “டைப் பண்ணும்போது மாறிடுச்சு” என்றான். அந்த அம்மா விடவில்லை. இரண்டு பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டு விட்டுக் கிராமக் கணக்கரிடம் போனார்கள். 84 என்பது ஏரி நிலம் என்று அவர் சொன்னார். 48ஐக் காட்டி 84ஐ விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பணம் தப்பியது. அந்த அம்மாவின் பணம் திரும்பவில்லை. அவர் இன்றும் வாடகைக் கொட்டகையில்தான் இருக்கிறார். ஆனால் அந்தத் தெருவில் யார் மனை வாங்கப் போனாலும், முதலில் தாளை எடுத்துக் கொண்டு அவரிடம் வருகிறார்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! தெரியாத மொழியில் தாள் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். “படித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். விற்கிறவர் ஆளை விட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் ஆளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். “நாளைக்கு வேறொருத்தர் வாங்கிடுவார்” என்று அவசரப்படுத்தினால், “வாங்கிக் கொள்ளட்டும்” என்று சொல்லுங்கள். மனை போனால் வேறு மனை கிடைக்கும். பன்னிரண்டு வருட உழைப்பு திரும்பக் கிடைக்குமா?

முதலில் தாள். பிறகு பணம். வீட்டுக்குப் போனதும் இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.