ரசீதில் அச்சாகும் பார்கோடு
(சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது கல்வி நிதிக்குச் சந்தா செலுத்தும் அங்கத்தினர்க்கு வழங்கும் ரசீதுகளைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம். அவை வேர்டு செயலியில் தயாராகின்றன. ஒவ்வொன்றிலும் அங்கத்தினர் எண்ணைத் தாங்கிய பார்கோடு உண்டு. கருவி அதனைப் படித்தே அவரவர் கணக்கில் வரவு வைக்கின்றோம்.

1974ஆம் ஆண்டில் தோன்றிய கோடு 39 என்னும் முறையில் ஓர் எழுத்துக்குக் கறுப்புக் கோடுகள் ஐந்து, வெள்ளை இடைவெளிகள் நான்கு. இவ்வொன்பதில் அகலமானவை மூன்றே. எம்மூன்று அகலமென்பதைக் கொண்டு கருவி எழுத்தை அறியும். நம் கண்களோ அறியமாட்டா. அபாயமும் இங்கேதான் உள்ளது. பழைய பார்கோட்டைப் படமாக ஒட்டி வைத்து, எண்ணை மட்டும் திருத்தி அச்சிட்டால், எழுத்தில் 412 என்றிருக்கக் கோடுகள் 411 என்றே கூறும். ஏழைத் தாயொருத்தி வயிற்றைக் கட்டிச் செலுத்திய தொகை அயலார் பேரில் ஏறிவிடும். அவள் மகன் உபகாரச் சம்பளம் கோருங்கால், சந்தா பாக்கி என்று பேரேடு சொல்லும்!

வேர்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கொண்டு ‘டிஸ்ப்ளேபார்கோடு’ என்னும் புலம் உளது. எண்ணையும் முறையின் பெயரையும் அதனுட் பொறித்தால் செயலியே கோடுகளை வரையும். ஆயினும் எண் மாறுந்தோறும் புலத்தையும் மாற்றிப் புதுப்பிக்க வேண்டும். நூறு ரசீது எழுதுபவர் ஒன்றிலேனும் மறப்பது இயல்பு. ஆகவே மேக்ரோ வேண்டுமென்கின்றோம். விஷுவல் பேசிக் மொழியில் எழுதப்படும் சிறு கட்டளைத் தொடரே மேக்ரோவாம். குமாஸ்தா எண்ணை ஒருமுறை கொடுத்தவுடன், அது ரசீதின் எண்ணையும் புலத்தின் எண்ணையும் ஒருங்கே மாற்றி, புலத்தைப் புதுப்பித்து, அதன் பின்னரே அச்சுக்கு அனுப்பும். புலத்தில் பின்சாய்கோட்டுடன் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்ப்பின், கோடுகள் கூறும் எண் அவற்றின் கீழேயே தோன்றும்.

இணையத்தினின்று வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தடுத்து வருகின்றது. வைரஸ் பரப்புவோர் மிகுந்த காலத்தில் இது நியாயமே. நமது மேக்ரோவை நமது காரியாலயத்திலேயே எழுதிக்கொள்வோமாக; யாரோ அனுப்பியதற்குத் தடை நீக்குதல் தகாது.

கோத்திரத்தையும் விலாசத்தையும் பார்கோட்டில் அடக்கலாமென்று சில அன்பர்கள் கூறுகின்றனர். நமக்கு உடன்பாடன்று. கைபேசி வைத்திருப்பவர் எவரும் அதனைப் படித்துவிடக் கூடுமாதலின், எண் ஒன்றே போதும்.

புதிய ரசீதுகளில் முதற் பத்தைக் கருவியில் படித்து, பேரேட்டுடன் ஒத்துப்பார்த்த பின்னரே ஏனையவற்றை அச்சிடுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.