போன ஊரில் அந்த ஊர்ச் சாப்பாடு



கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் பூம்பாறை. சாலை வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால் படிப்படியாக இறங்கும் வயல்கள், நெருக்கமாக வீடுகள், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். விடுமுறை நாளில் அந்த வளைவில் நிற்க இடம் கிடைக்காது. வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், முருகனைக் கும்பிடுகிறார்கள், பூண்டு வாங்குகிறார்கள். ஆனால் பசி எடுத்ததும் பலரும் தேடுவது சொந்த ஊரில் தினமும் கிடைக்கிற பரோட்டாவையும் ஃப்ரைடு ரைஸையும்தான். கண்ணெதிரே விளைந்து நிற்பதில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மலை இறங்கிவிட்டால், அந்த ஊருக்குப் போய்வந்தோம் என்று எப்படிச் சொல்வது?

பூம்பாறைக்குப் பெயர் வாங்கித் தந்தது மலைப்பூண்டு. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாளோடு பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டிக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஒரு பல்லைக் கல்லில் வைத்துத் தட்டிப் பாருங்கள். நெடி சட்டென்று மூக்கில் ஏறும். பல் முழுதாக இருக்கும்வரை அந்த நெடி இல்லை. நசுங்கும்போதுதான் அதற்குள் தனித்தனியே இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்து ‘அல்லிசின்’ உண்டாகிறது. அதனால் பூண்டைத் தட்டி, சில நிமிடம் விட்டு, பிறகு ரசத்தில் போடுவது நல்லது. குளிர் நடுக்குகிற மாலையில், மலையில் விளைந்த பூண்டைத் தட்டிப்போட்டு, மிளகு தூக்கலாக வைத்த ரசத்தைச் சுடச்சுடக் குடித்துப் பார்த்தால், அந்தக் குளிருக்கு அந்தச் சாப்பாடு ஏன் பொருந்துகிறது என்று உடம்பே சொல்லிவிடும்.

பூண்டோடு முடிந்துவிடவில்லை. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் இந்த மலையில் விளைகின்றன. அன்று பறித்த பட்டர் பீன்ஸை உரித்துக் குழம்பு வைத்தால் வேறு கூட்டு தேவைப்படாது. கோடையில் பிளம்ஸ், அடுத்துப் பேரிக்காய். சற்றுக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பியும் மிளகும் மலை வாழையும் விளைகின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு ருசி கொடுப்பது இந்த மலையின் விருப்பாச்சிப் பழம். பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இவற்றில் பல வெளிநாட்டிலிருந்து வந்தவை என்பதையும் நினைத்துப் பாருங்கள். உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொடைக்கானல் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கும் பழம் மெக்சிகோ பக்கத்தது. மரத்தக்காளியும் ஆண்டிஸ் பகுதியிலிருந்து வந்ததுதான். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் இங்கிலீஷ் காய்கறிகளும் பழமரங்களும் மலையில் பரவின. நம் விவசாயிகள் அவற்றைப் புதுசு என்று ஒதுக்கவில்லை. பயிர் வைத்தார்கள், குழம்பில் போட்டார்கள், தங்கள் சாப்பாடாக்கிக்கொண்டார்கள்.

அந்த மனசு வெளிநாடு போகும் நமக்கும் வேண்டும். இன்று சுற்றுலா நிறுவனங்கள் சமையல்காரரையே கூட அழைத்துப்போய் மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு போடுகின்றன. வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேளையாவது அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டாமா? யாழ்ப்பாணம் போனால் ஒடியல் கூழ் குடியுங்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில், மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். பனையும் கடலும் சேர்ந்த அந்தக் கரையின் வாழ்க்கை அதில் இருக்கிறது. பினாங்கில் நாசி கண்டார் சாப்பிடுங்கள். காவடிபோலத் தோளில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் அங்கே நிலைநாட்டிய உணவு அது. சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அடுத்தடுத்த கடைகளில் சமைக்க, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அந்த அங்காடி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் தயங்குவது நியாயம். ஜப்பானில் காய்கறி சூப்பிலும் மீன்சாறு இருக்கலாம். தாய்லாந்துக் கூட்டிலும் மீன் சாஸ் இருக்கலாம். ‘மீன், இறைச்சி, முட்டை வேண்டாம்’ என்பதை அந்த ஊர் மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஊர் மக்கள் கூட்டமாகச் சாப்பிடும் கடையில், கண்முன்னே சுடச்சுடச் செய்வதை வாங்குங்கள். பழத்தை முழுதாக வாங்கி நீங்களே தோல் சீவிச் சாப்பிடுங்கள். தண்ணீரில் மட்டும் கவனம் தளர வேண்டாம். புதிய உணவை முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மரியாதையாக விட்டுவிடுங்கள், முகம் சுளிக்காதீர்கள். அது அவர்கள் வீட்டுச் சோறு.

இந்தப் பழக்கத்தைத் தொடங்க விமானம் ஏற வேண்டியதில்லை. அடுத்த முறை பூம்பாறை போனால், பூண்டை விளைவித்தவரிடமே வாங்குங்கள். அதை வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். ஊருக்குள் சமைத்துப் போடுகிறவர்கள் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாம் கொடுக்கும் காசு அந்த வயலுக்கே போகட்டும். நாம் கேட்டுச் சாப்பிட்டால்தான் அந்தச் சமையல் நிலைக்கும், அந்தப் பயிரும் நிலைக்கும்.